மதர்போர்டில் ஒரு முக்கொம்பு

முக்கொம்பைப் பார்த்திருக்கிறீர்களா? திருச்சிக்கு மேற்கே காவிரி அங்கேதான் காவிரி, கொள்ளிடம் என இரண்டாகப் பிரிகிறது. நடுவே இருப்பது ஸ்ரீரங்கம் தீவு. 1836-இல் ஆர்தர் காட்டனின் திட்டப்படி அங்கே மேலணை எழுந்தது. அணை நீரைப் பங்கிடும். புதிதாக ஒரு சொட்டையும் உண்டாக்காது.

கணிப்பொறியின் மதர்போர்டும் அப்படித்தான். விளையாட்டுக்காக இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள் பொருத்த விரும்புவோர், போர்டிலுள்ள நீண்ட ஸ்லாட்டுகளை எண்ணுவார்கள். எண்ண வேண்டியவை, பிராசஸரிலிருந்து புறப்படும் 'லேன்' என்ற தகவல் தடங்களே. சாதாரணப் பிராசஸர்கள் பலவற்றில் கிராபிக்ஸுக்கு 16 தடங்கள் உண்டு. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் நான்காம் தலைமுறையில் ஒரு தடம் ஒரு திசையில் நொடிக்குச் சுமார் 2 ஜிகாபைட் தகவலைக் கொண்டு செல்லும்.

இரு கார்டுகளைச் செருகினால், சில போர்டுகள் இத்தடங்களை 8, 8 ஆகப் பிரிக்கும். வேறு பல போர்டுகளில் முதல் ஸ்லாட்டே 16-ஐயும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவது ஸ்லாட் நீளமாக இருந்தாலும், சிப்செட் வழியே 4 தடங்களே பெறக்கூடும். இந்த விவரம் போர்டின் கையேட்டில் இருக்கும்.

சரி, இரண்டு கார்டு இருந்தால் வேகம் இரட்டிக்குமா? விளையாட்டு நிரலும் வேலையைப் பங்கிட வேண்டுமே! என்விடியா நிறுவனம் கார்டுகளை இணைக்கும் 'எஸ்.எல்.ஐ.' முறைக்குப் புதிய டிரைவர் அமைப்புகள் சேர்ப்பதை 2021 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. இன்றைய புதிய விளையாட்டுகள் பெரும்பாலானவற்றில் இரண்டாவது கார்டு சும்மாதான் இருக்கும்.

ஆகவே, விளையாட்டு மட்டுமே நோக்கமென்றால், பெற்றோரின் பணத்தை இரண்டாகப் பிரிக்காமல், நல்ல கார்டு ஒன்றை வாங்கி, 16 தடமுள்ள ஸ்லாட்டில் செருகுவதே சிறந்தது.