55 வயசுக்குக் கீழே இடமில்லை: ஃபுளோரிடாவின் முதியோர் நகரம் யார் செலவில் வளருது?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னிக்கு ஒரு ஊரைப் பத்திப் பேசப் போறோம். வயசானவங்களுக்கு வாடகைக்கு வீடு தரத் தயங்குற வீட்டு உரிமையாளர்களை நமக்குத் தெரியும். இந்த ஊர்ல கதை தலைகீழ். வீட்டில் ஒருத்தராவது 55 வயசைத் தாண்டியிருக்கணும். பேரப்பிள்ளைகள் வரலாம், தங்கலாம், ஆனா வருஷத்துக்கு 30 நாள்தான். 19 வயசுக்குக் கீழே இருக்கிறவங்க நிரந்தரமா குடியிருக்க முடியாது. அமெரிக்கச் சட்டப்படி இது செல்லும். குறைந்தது 80 சதவீத வீடுகளில் 55 வயதைக் கடந்த ஒருவராவது இருந்தால், குழந்தை உள்ள குடும்பங்களுக்கு இடம் மறுக்கலாம்.

ஊர் பேரு ‘தி வில்லேஜஸ்’. ஃபுளோரிடா மாநிலத்தின் நடுப்பகுதியில், ஓர்லாண்டோவிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேர கார் பயணம். பேருலதான் கிராமம் இருக்கு. 50-க்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள், ஆயிரக்கணக்கில் கிளப்புகள், தினமும் சாயங்காலம் டவுன் ஸ்கொயரில் பாட்டு, டான்ஸ். கடைக்குப் போறதுக்கும் டாக்டரைப் பார்க்கப் போறதுக்கும் எல்லாரும் கோல்ஃப் கார்ட்டில்தான் போவாங்க. அதுக்குன்னே 150 கிலோமீட்டருக்கு மேல தனிப் பாதை போட்டிருக்காங்க. ஸ்கொயரைச் சுத்தி நிற்கிற பழங்காலக் கட்டடங்களில் சிலதுக்கு வரலாற்றுப் பலகைகூட உண்டு. கட்டடமும் புதுசு, அந்த வரலாறும் கற்பனை. ஒளிச்சு மறைச்சு இல்ல, எல்லாருக்கும் தெரிஞ்சே நடக்குற நாடகம்.

2010-லிருந்து 2020 வரைக்குமான பத்து வருஷத்தில் அமெரிக்காவிலேயே மிக வேகமாக வளர்ந்த பெருநகரப் பகுதி எதுன்னு கேட்டா, ஆஸ்டின், சியாட்டில்னு ஐ.டி. ஊர்களைத்தான் சொல்லத் தோணும். பதில் இந்த ஊர். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 93,000 பேர் இருந்த இடம், ஏறக்குறைய 1,30,000 பேர் ஆனது. 39 சதவீத வளர்ச்சி. அங்கே பிறப்பை விட இறப்பு அதிகம். அப்படியும் இவ்வளவு வளர்ச்சின்னா, மொத்தமும் வெளியூரிலிருந்து பெட்டி படுக்கையோட வந்தவங்கதான்.

சரி, இந்த வளர்ச்சியைப் பத்தி அங்கே இருக்கிறவங்களே என்ன நினைக்கிறாங்க? அதுக்கு முன்னாடி, இந்த ஊரை யார் கட்டினாங்க, காசு எப்படி ஓடுதுன்னு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

மிச்சிகனைச் சேர்ந்த ஹெரால்ட் ஷ்வார்ட்ஸ் என்ற வியாபாரி, 1960-களில் ஃபுளோரிடா நிலத்தைத் தபால் மூலம் விற்றுக்கொண்டிருந்தார். நிலத்தைப் பார்க்காமலேயே ஆட்கள் பணம் அனுப்புவார்கள். அந்த வியாபாரத்துக்கு 1968-ல் மத்திய அரசு சட்டம் போட்டுக் கட்டுப்பாடு வைத்ததும், கையில் தங்கிவிட்ட நிலத்தில் ஒரு மொபைல் ஹோம் குடியிருப்பை ஆரம்பித்தார். அது ரொம்ப மெதுவாகத்தான் விற்றது. 1983-ல் மகன் கேரி மோர்ஸ் வந்து சேர்ந்த பிறகு உத்தி மாறியது. அரிசோனாவில் டெல் வெப் என்பவர் 1960-லேயே ‘சன் சிட்டி’ என்று ஒரு முதியோர் நகரத்தைத் திறந்திருந்தார். அதில் இவர்கள் பார்த்த பாடம், வீட்டை விற்காதே, வாழ்க்கையை விற்றுவிடு என்பது. கோல்ஃப், நீச்சல் குளம், பாட்டுக் கச்சேரி எல்லாம் முதலில் வந்தன. வீடுகள் தானாக விற்றன. 1992-ல் ‘தி வில்லேஜஸ்’ என்ற பெயர் வந்தது. ஷ்வார்ட்ஸ் 2003-லும் மோர்ஸ் 2014-லும் இறந்தார்கள். இன்னும் அதே குடும்பத்தின் கையில்தான் நிறுவனம். ஊரின் தினசரிப் பத்திரிகையும் ரேடியோ ஸ்டேஷனும் அவர்களுடையதே. வளர்ச்சி நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை அந்தப் பத்திரிகையில் தேடினால் என்ன கிடைக்கும்னு நீங்களே யூகிச்சுக்கலாம்.

இப்போ காசு விஷயம். நம்ம ஊரில் பில்டர் அபார்ட்மென்ட் கட்டி முடிச்சதும், ஒரு அசோசியேஷன் அமைச்சு, கிளப் ஹவுஸ், ஜிம், தண்ணித் தொட்டி எல்லாத்தையும் ஒப்படைப்பார். (ஒப்படைக்கிறதுக்குள்ள நடக்குற சண்டை தனிக்கதை.) ஃபுளோரிடாவில் 1980-லிருந்து வேறு ஒரு வழி இருக்கிறது. டெவலப்பர் தன் நிலத்துக்கு ஒரு குட்டி அரசாங்கத்தையே உருவாக்கிக்கொள்ளலாம். ‘சமூக வளர்ச்சி மாவட்டம்’ என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அது கடன் பத்திரம் வெளியிட்டு, சாலையும் வடிகாலும் போடும். அந்தக் கடனின் பங்கு ஒவ்வொரு வீட்டின் தலையிலும் ஏறும். வீட்டு விலை போக, பல ஆயிரம் டாலர் ‘பாண்டு’ பாக்கியை வாங்குபவர் பல வருஷம் கட்டவேண்டும். ஆரம்ப வருஷங்களில் இந்த மாவட்டத்தின் நிர்வாகக் குழுவுக்கு நில உரிமையாளர்தான் ஓட்டுப் போடுவார். ஒரு ஏக்கருக்கு ஒரு ஓட்டு. நிலம் முழுக்க டெவலப்பருடையதாக இருக்கும்போது யார் ஜெயிப்பார்? ஆறு வருஷம் கழித்து, 250 வாக்காளர்களும் சேர்ந்த பிறகுதான் குடியிருப்பவர்களுக்கு உரிமை வரும்.

இதுல ஒரு சூட்சுமம். டவுன் ஸ்கொயரும் பொழுதுபோக்கு வசதிகளும் இருக்கிற மைய மாவட்டம் கடைத்தெரு. அங்கே வீடு கிடையாது. வீடு இல்லையென்றால் வாக்காளரும் கிடையாது. அப்போ டெவலப்பர் வசமே அந்தக் குழு இருக்கும், எத்தனை வருஷமானாலும். அந்த மைய மாவட்டம் கடன் பத்திரம் வெளியிட்டு, கோல்ஃப் மைதானங்களையும் ரெக்ரியேஷன் சென்டர்களையும் டெவலப்பரிடமிருந்தே விலைக்கு வாங்கியது. அந்தக் கடனை அடைப்பது குடியிருப்பவர்கள் மாதாமாதம் கட்டும் வசதிக் கட்டணம். புதிதாக வருபவர்களுக்கு இப்போது அது மாதம் 200 டாலரை ஒட்டி இருக்கிறது. குடியிருப்பவர்களில் சிலர் இதை எதிர்த்து வழக்குப் போட, 2008-ல் ஏறத்தாழ 4 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. பழைய பகுதியின் வசதிகளைக் கவனிக்க, குடியிருப்பவர்களே இடம்பெறும் ஒரு குழுவும் அதில் கிடைத்தது. அதே 2008-ல் அமெரிக்க வருமான வரித்துறையும் அந்தக் கடன் பத்திரங்களுக்கு வரிவிலக்கு செல்லுமா என்று விசாரணை தொடங்கி, பல வருஷம் இழுத்து, 2016-ல் எந்த மாற்றமும் இல்லாமல் மூடிவிட்டது.

இவ்வளவு தெரிஞ்சும் ஜனங்க ஏன் வர்றாங்க? ஏன்னா, பெரும்பாலானவர்களுக்கு அந்த வாழ்க்கை பிடிச்சிருக்கு. இதை நாம லேசா எடுத்துக்கக் கூடாது. வேலையை விட்ட பிறகு நண்பர்களே இல்லாமல், குளிரில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஒருத்தர், 70 வயசில் வாத்தியம் கத்துக்கிட்டு பேண்டில் சேருவது சின்ன விஷயமா? வளர்ச்சியை ஆதரிக்கிறவர்கள் சொல்லும் வாதமும் நியாயமானதுதான். புது வீடு விற்பதால்தான் புது பாலம், புது மருத்துவமனை, புது கடை வருது. வீட்டின் மறுவிற்பனை மதிப்பு ஏறுது. எல்லாத்துக்கும் மேல, நீ வந்தப்போ உனக்கு முன்னாடி வந்தவன் கதவைச் சாத்தியிருந்தா நீ எங்கே போயிருப்பாய்? இந்தக் கேள்விக்கு எதிர்த் தரப்பிடம் சுலபமான பதில் இல்லை.

எதிர்த் தரப்பின் குறைகளில் பாதி அன்றாடத் தொல்லைகள். குளிர்காலத்தில் வடக்கு மாநிலங்களிலிருந்து பாதி வருஷக்காரர்கள் வந்து இறங்கியதும் ரவுண்டானாவில் நெரிசல், ஹோட்டலில் காத்திருப்பு, கோல்ஃப் ஆட நேரம் கிடைக்காதது. இதையெல்லாம் கேட்டு நாம சிரிச்சிடலாம், பெங்களூரு சில்க் போர்டு சிக்னலைப் பார்க்காத பாவப்பட்ட ஜனங்கன்னு. ஆனா மற்ற பாதி அப்படி இல்லை.

ஒரு சாதாரண நகரத்தில் எல்லா வயசுக்காரர்களும் கலந்து இருப்பார்கள். 30 வயசுக்காரருக்கு வருஷத்துக்கு ஒரு தடவை காய்ச்சல் வரலாம். இங்கே ஊரே மூத்தவர்கள். நடுவயது 68-ஐ ஒட்டி. ஒரு லட்சம் பேர் கூடினால் வேறு ஊரில் எத்தனை மருத்துவர் தேவையோ, இங்கே அதைவிடப் பல மடங்கு வேண்டும். இதய நிபுணரைப் பார்க்க மூணு மாசம் காத்திரு என்பதற்கு 35 வயசிலும் 82 வயசிலும் ஒரே அர்த்தம் கிடையாது. 2021-22-ல் ஆம்புலன்ஸ் தாமதம் பெரிய பிரச்சனையாக வெடித்தது. கவுண்டி (நம்ம மாவட்டம் மாதிரி) ஒப்பந்தத்துக்கு விட்டிருந்த தனியார் சேவை போதவில்லை என்று குடியிருப்பவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய் முறையிட்டார்கள். கடைசியில் தீயணைப்புத் துறைகளே ஆம்புலன்ஸ் ஓட்டும் ஏற்பாட்டுக்கு மாற வேண்டியதாயிற்று.

வடக்கு, தெற்கு என்ற பிரிவும் இருக்கு. ஊர் வடக்கில் ஆரம்பித்துத் தெற்கு நோக்கி நகர்ந்துகொண்டே போகிறது. வடக்கில் 25 வருஷம் முன்னாடி வந்தவர்கள் இப்போ எண்பதுகளில். அவர்களுக்கு வேண்டியது வீட்டுக்கு வந்து உதவுற ஆள், கார் ஓட்ட முடியாத நாளில் ஒரு வண்டி. தெற்கில் இப்போ வந்து இறங்குகிறவர்கள் அறுபதுகளில். பிக்கிள்பால் கோர்ட் கேட்கிறார்கள், பழைய ஸ்கொயர்கள் ரொம்ப தூரம் என்கிறார்கள். விளம்பரம் எப்பவும் அறுபதுகளோடுதான் பேசுது. நிறுவனத்துக்கு வருமானம் அடுத்த வீட்டை விற்பதில்தானே.

இதெல்லாம் முணுமுணுப்பாக இருந்தது. அரசியலாக மாறியது 2019-ல். சம்டர் கவுண்டியின் ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழு சொத்துவரி விகிதத்தை ஏறக்குறைய 25 சதவீதம் உயர்த்தியது. காரணம், தெற்கே வளரும் பகுதிக்குச் சாலைகளும் மற்றச் செலவுகளும். இதே நேரத்தில், புது வீடு கட்டும்போது சாலைச் செலவுக்காகக் கட்டுகிற ‘இம்பாக்ட் ஃபீ’ (நம்ம சி.எம்.டி.ஏ. வாங்குற வளர்ச்சிக் கட்டணத்தை நினைச்சுக்கோங்க) முதியோர் வீடு ஒன்றுக்கு ஆயிரம் டாலருக்கும் குறைவாக இருந்தது. இனி கட்டப்போகும் வீட்டுக்கான ரோட்டுக்கு ஏற்கெனவே இருக்கிறவன் ஏன் பணம் கட்டணும்? இந்த ஒரு கேள்விதான் தேர்தல்.

2020-ல் ஓரன் மில்லர், கேரி சர்ச், கிரெய்க் எஸ்டெப் என்ற மூன்று குடியிருப்பாளர்கள் நின்றார்கள். பதவியில் இருந்தவர்களைத் தோற்கடித்தார்கள். மூவருமே குடியரசுக் கட்சி, தோற்றவர்களும் அதே கட்சி. டிரம்புக்குக் கொடி கட்டி கோல்ஃப் கார்ட் ஊர்வலம் போன ஊர் இது. ஆனா வரி விஷயத்தில் கட்சி வேலை செய்யவில்லை. ஐந்தில் மூன்று, பெரும்பான்மை. 2021 தொடக்கத்தில் சாலைக்கான இம்பாக்ட் ஃபீயை 75 சதவீதம் உயர்த்த முடிவெடுத்தார்கள்.

அதோடு கதை முடியலை. அதே வருஷம் மாநிலச் சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. எந்த உள்ளாட்சியும் இம்பாக்ட் ஃபீயை 50 சதவீதத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது, அந்த 50-ஐயும் நான்கு வருஷமாகப் பிரித்துத்தான் ஏற்றவேண்டும், இது ஜனவரி 1-லிருந்தே முன்தேதியிட்டுப் பொருந்தும். 75 சதவீதம் காற்றில் போயிற்று. அப்புறம் 2021 டிசம்பரில் மில்லரும் சர்ச்சும் கைதானார்கள். கூட்டத்துக்கு வெளியே இருவரும் போனில் பேசிக்கொண்டார்களா என்ற விசாரணையில் பொய் சொன்னதாகக் குற்றச்சாட்டு. ஃபுளோரிடாவில் ஒரே குழு உறுப்பினர்கள் பொது விஷயத்தைத் தனியாகப் பேசி முடிவெடுக்க முடியாது. ஆளுநர் இருவரையும் இடைநீக்கம் செய்தார். சர்ச் அரசுத் தரப்போடு ஒப்பந்தம் செய்துகொண்டார். எழுபது வயதைத் தாண்டிய மில்லர் வழக்கை நடத்தித் தோற்று, 75 நாள் சிறையில் இருந்தார். 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அதற்குள் பதவி போய்விட்டது. இதைத் திட்டமிட்ட பழிவாங்கல் என்று நம்புகிறவர்கள் ஊரில் நிறைய. சட்டத்தை மீறினால் யாராக இருந்தாலும் கேள்வி வரும் என்பவர்களும் இருக்கிறார்கள். எனக்குத் தோணுறது: வழக்கை ஒரு பக்கம் வைத்துவிட்டாலும், மக்கள் ஓட்டுப் போட்டு எடுத்த ஒரே பெரிய முடிவை அவர்கள் ஓட்டு எட்டாத இடத்தில் திருத்திவிட முடிந்தது. அது சின்ன விஷயம் இல்லை.

இந்த விவாதத்தில் குரலே கேட்காத ஆட்களும் உண்டு. வில்லேஜஸ் வருவதற்கு முன்பிருந்தே மாடு மேய்த்து, தர்பூசணி பயிரிட்டு வாழ்ந்த சம்டர் கவுண்டிக்காரர்கள். அவர்கள் இப்போது சொந்தக் கவுண்டியிலேயே சிறுபான்மை. அடுத்து, ஹோட்டலில் பரிமாறுகிற, புல் வெட்டுகிற, நர்ஸ் வேலை பார்க்கிற இளவயதினர். ஊரே அவங்க கையில்தான் ஓடுது, ஆனா அவங்க அங்கே வீடு வாங்க முடியாது, வயசு பத்தாது. இந்தச் சிக்கலுக்கு நிறுவனம் கண்டுபிடித்த விடை, பக்கத்திலேயே ‘மிடில்டன்’ என்று பள்ளிக்கூடத்தோடு இளம் குடும்பங்களுக்கு ஒரு ஊர். அதையும் கட்டுவது அதே டெவலப்பர்தான்.

பார்க்கணும்னு ஆசை இருந்தா, ‘சம் கைண்ட் ஆஃப் ஹெவன்’ என்று 2020-ல் வந்த ஆவணப்படம் இருக்கு. லான்ஸ் ஓப்பன்ஹைம் எடுத்தது. வரி, இம்பாக்ட் ஃபீ எல்லாம் அதில் வராது. அந்த ஊரில் தனியாகிப்போன சிலரைப் பற்றியது. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.