வயிற்றுக்கும் ஒரு காவலர்

வடக்கனந்தலில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம், தோழர்களே! கோமுகி அணைத் தண்ணீர் பாயும் இரண்டு ஏக்கர் கரும்பு. உழைத்து வாங்கியவன் திடீரென்று மாண்டுவிட்டான்; மனைவிக்கோ ஐந்தாம் மாதம். காரியம் முடிந்ததும் முடியாததுமாகக் கொழுந்தன்மார் பத்திரத்தை நீட்டுகிறார்கள். "பிறக்காத பிள்ளைக்குப் பங்கேது, அண்ணி?" என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களும் தலையசைக்கிறார்கள்.

பங்கேதா? உண்டு! நாம் சொல்லவில்லை, ரோமாபுரி சொல்லிற்று. பேரரசன் ஜஸ்டினியன் 533-ல் வெளியிட்ட சட்டத் திரட்டைப் புரட்டுங்கள். கருவிலிருக்கும் குழந்தையின் நன்மை எங்கே பேசப்படுகிறதோ, அங்கே அது பிறந்துவிட்டதாகவே கருதப்படும் என்ற நெறி இருக்கிறது. பவுலஸ் என்ற சட்ட அறிஞர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே வகுத்தது அது. அம்மட்டோ! கணவனை இழந்த கர்ப்பிணி, வயிற்றுப் பிள்ளையின் பெயராலே சொத்தைக் கைக்கொள்ளலாம். அதிலிருந்தே அவளுக்குச் சோறு, துணி, இருக்க இடம். வயிற்றுக்கென்றே ஒரு காவலரை நியமித்தார்கள்! கர்ப்பிணிக்கு மரண தண்டனையா? பிரசவம் வரை நிறுத்து என்றது சட்டம்.

ஆகா, ரோம் என்று கைதட்டிவிடாதீர்கள், பொறுங்கள்! அதே ரோமின் ஆட்சியிலே, கி.மு. 1-ல், அலெக்சாந்திரியாவுக்கு வேலைக்குப் போன ஒருவன், ஹிலாரியன் என்று பெயர், ஊரிலிருந்த தன் அலிஸுக்குக் கடிதம் எழுதினான். கூலி கிடைத்ததும் அனுப்புகிறேன், பிள்ளையைப் பார்த்துக்கொள் என்ற அன்பான கடிதம்தான். இடையிலே ஒரு வரி: பிறப்பது ஆண் என்றால் வைத்துக்கொள், பெண் என்றால் வெளியே போட்டுவிடு! எகிப்து மணலிலிருந்து கிடைத்த கடிதம்; கட்டுக்கதையல்ல.

கருவுக்குக் காவல், பிறந்ததற்குத் தெருவா? ஆம். ரோமன் காத்தது குழந்தையையா, சொத்தின் வாரிசையா என்று நமக்கு ஐயம். சிசுவைக் கொன்றால் மரண தண்டனை என்று வாலன்டினியன் சட்டம் போட 374-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.

அவனைப் பார்த்துச் சிரிக்க நமக்கு வாயில்லை. 1992-ல் சேலத்திலே தொட்டில் குழந்தைத் திட்டம் பிறந்ததே, ஏன்? பெண் சிசுக்கள் கள்ளிப்பாலுக்கும் நெல்மணிக்கும் பலியானதால்! 2011-ல் அந்தத் தொட்டில் விழுப்புரம் மாவட்டத்துக்கும் வந்தது. கள்ளக்குறிச்சி அன்று அதற்குள்தான். தனி மாவட்டமானது 2019-ல். ஹிலாரியனாவது பிறக்கும்வரை காத்திருந்தான். அவனுடைய இக்கால உடன்பிறப்புகளுக்கு அதற்கும் பொறுமையில்லை. ஸ்கேன் கருவியிடம் கேட்கிறார்கள். 1994-ல் சட்டம் தடுத்தும் திருட்டுத்தனமாகக் கேட்கிறார்கள்.

நம் சட்டம் ரோமைத் தாண்டியிருக்கிறது. கர்ப்பிணியின் தூக்குத் தண்டனையை ஒத்திவைப்பதல்ல, ஆயுள் தண்டனையாகவே மாற்ற வேண்டும். பெற்றோர் குழந்தையைப் போட்டுவிட்டு ஓடினால் ஏழாண்டு வரை சிறை. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவோ, தகப்பன் சாகும்போது கருவிலிருந்து, பின்னர் உயிரோடு பிறக்கும் பிள்ளைக்கு, முன்பே பிறந்த பிள்ளைக்குள்ள அதே உரிமையைத் தருகிறது. ஆணோ, பெண்ணோ! பூர்வீகச் சொத்திலும் மகளுக்குச் சமபங்கு 1989-ல் தமிழ்நாட்டுச் சட்டமாயிற்று. பெண்ணுக்குச் சொத்துரிமை என்று 1929-ல் செங்கற்பட்டு மாநாட்டிலே தீர்மானம் போட்டபோது நகைத்தவர்களை எண்ணிப் பார்க்கிறோம்.

அந்த வீட்டுக்கு வருவோம். பத்திரம் இன்னும் திண்ணையிலேதான் கிடக்கிறது. தங்கை கைநாட்டு வைக்குமுன், சட்டப் பணிகள் குழுவுக்கு அழைத்துப் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெண் என்றாலே போதும், வருமானம் கேளாமல் இலவசமாக வழக்கறிஞர் தருவார்கள்.