வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை

"ஐயையோ, இது கேன்சர் மாத்திரையாச்சே!" முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எழுதிய சீட்டைப் பார்த்ததும் வீட்டில் யாராவது ஒருவர் இப்படிச் சொல்லிவிடுவார். பிறகு மாத்திரை அட்டை பிரிக்கப்படாமலே அலமாரிக்குள் போய்விடும். அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அளவு குறைந்தால் இந்த மருந்து செய்யும் வேலையே வேறு.

இதன் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. 1895இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரி மாணவர். அறுவைச் சிகிச்சை வகுப்புக்குக் கதர் உடுத்திப் போனது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்காததால், முழுப் பட்டம் கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறினார். பின்னாளில் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் அவர் வழிநடத்திய குழு ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. பார்வைக்கு அந்த அமிலம் போலவே இருந்து, அதன் வேலையைத் தடுக்கும் சேர்மங்களும் அங்கேயே உருவாயின. அவற்றில் ஒன்றான அமினோப்டெரினை ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்த பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், சிலரிடம் நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை 1948இல் அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், 53 வயதில் சுப்பாராவ் காலமானார். அமினோப்டெரினின் உடன்பிறப்புதான் மெத்தோட்ரெக்சேட்.

முடக்குவாதத்தில் இதற்கு என்ன வேலை? உடலைக் காக்க வேண்டிய வெள்ளையணுக்கள் இந்த நோயில் மூட்டின் உள்சவ்வில் வந்து குவிகின்றன. மெல்லியதாக இருக்க வேண்டிய சவ்வு தடித்து, குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது. டம்ளரைப் பிடிக்கவும் சட்டைப் பொத்தானைப் போடவும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கும்.

புற்றுநோய்க்குக் கிராம் கணக்கில்கூடச் செலுத்தப்படும் மெத்தோட்ரெக்சேட், செல்கள் பெருகத் தேவையான டி.என்.ஏ. உற்பத்தியை முடக்குகிறது. முடக்குவாதத்துக்கோ வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம்தான். இந்தச் சிறிய அளவில், அடினோசின் என்ற பொருள் செல்களுக்கு வெளியே கூடுதலாகச் சேர்கிறது. அது வெள்ளையணுக்களின் மேற்பரப்பில் ஒட்டி, அவற்றின் வேகத்தைத் தணிக்கிறது. வீக்கம் குறைய முக்கியக் காரணம் இதுவே என்று கருதப்படுகிறது. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். பத்து நாளில் வலி போகவில்லை என்று நிறுத்துபவர்கள், மருந்து வேலையைத் தொடங்கும் முன்பே கைவிட்டவர்கள்.

வாரத்துக்கு ஒரு நாள் ஏன்? செல்லுக்குள் நுழைந்ததும் இந்த மருந்தோடு குளூட்டாமேட் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொள்கின்றன. அந்த வாலோடு அது எளிதில் வெளியேற முடியாது. பல நாள் உள்ளேயே தங்கிவிடும். இதையே தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜையில் மருந்து சேர்ந்துகொண்டே போகும். முதலில் வாயெல்லாம் புண். அடுத்து வெள்ளையணுக்கள் சரிந்து, சாதாரணத் தொற்றே உயிருக்கு உலை வைக்கும். வெளிநாட்டிலும் இங்கும் இந்தத் தவறால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள்.

மெத்தோட்ரெக்சேட் போதாதபோது, வெள்ளையணுக்களுக்கிடையே போகும் ஒரே ஒரு வேதிச் செய்தியை மட்டும் மறிக்கும் மருந்துகள் இருக்கின்றன. டி.என்.எஃப். என்ற அந்தச் செய்தியே மூட்டு அழற்சியின் முக்கியத் தூண்டுகோல் என்று லண்டனில் மார்க் ஃபெல்ட்மனும், லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் கருதினார்கள். 1992இல் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 20 நோயாளிகளுக்கு அதைத் தடுக்கும் எதிர்ப்பொருளைச் செலுத்தியபோது வலியும் வீக்கமும் வேகமாக வடிந்தன. இன்ஃப்ளிக்ஸிமாப் என்று இன்று கடைகளில் கிடைப்பது அதுதான்.

ஆனால் டி.என்.எஃப்.புக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. நுரையீரலில் உறங்கும் காசநோய்க் கிருமிகளைச் சுற்றி வெள்ளையணுக்கள் கட்டும் சுவர் நிற்பதே அதன் துணையால்தான். அதை மறித்தால் சுவர் தளரும், கிருமி விழிக்கும். இன்ஃப்ளிக்ஸிமாப் போட்டவர்களில் 70 பேருக்குக் காசநோய் வந்த விவரம் 2001இல் வெளியானது. அதன்பிறகே, ஊசிக்கு முன் மார்பு எக்ஸ்ரேயும் காசநோய்ப் பரிசோதனையும் கட்டாயமாயின. காசநோய் மிகுந்த நம் நாட்டில் இதை வீண் செலவு என்று தட்டிக்கழிப்பது ஆபத்து. குடும்பத்தில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால், மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

வீட்டில் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுபவர் இருந்தால், இன்றே மாத்திரை அட்டையின் மேல் மருத்துவர் சொன்ன கிழமையைப் பேனாவால் எழுதி வையுங்கள்: 'ஞாயிறு மட்டும்' என்பதுபோல. மருத்துவர் எழுதிய ஃபோலிக் ஆசிட் மாத்திரையை அந்த நாளில் அல்லாமல், அவர் சொன்ன வேறு நாளில் கொடுங்கள். கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடாதீர்கள். குழந்தை பெற எண்ணும் பெண்கள் மருத்துவரிடம் பேசாமல் இதைத் தொடவே கூடாது. வாயில் புண்ணோ காய்ச்சலோ வந்தால் அடுத்த மாத்திரை நாள்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.