மலைக்கு எலக்ட்ரிக் சைக்கிள் வாங்கப்போறீங்களா? கடைக்காரர் சொல்லும் கிலோ மீட்டரை அப்படியே நம்பாதீங்க!

குன்னூர்,

பெட்ரோல் வேண்டாம். லைசென்ஸ் வேண்டாம். ஆர்.டி.ஓ. ஆபீசில் கால்கடுக்க நிற்க வேண்டாம். இப்படிச் சொல்லித்தான் எலக்ட்ரிக் மவுண்டன் பைக்கை விற்கிறார்கள். தடித்த டயர், கியர், முன்பக்கம் ஷாக் அப்சார்பர், பிரேமுக்குள் பேட்டரி என்று ஆளை மிரட்டும் தோற்றம். எஸ்டேட்டுக்கும் ஓட்டல் வேலைக்கும் தினமும் மேடு ஏறி இறங்கும் நீலகிரிக்காரர்களுக்கு இதைப் பார்த்ததும் ஆசை வராமல் இருக்காது.

ஆனால் சமவெளிக்காக செய்த சைக்கிளை வாங்கி மலைக்கு கொண்டு வந்தால் பாதி வழியில் இறங்கி தள்ள வேண்டியதுதான். இந்த சைக்கிள்கள் 20 முதல் 28 கிலோ வரை எடை இருக்கும். பேட்டரி தீர்ந்தபிறகு அதை மேட்டில் தள்ளுவது லேசுப்பட்ட காரியம் அல்ல.

கணக்கு எங்கே இடிக்கிறது?

"ஒரு தடவை சார்ஜ் போட்டா 60 கிலோ மீட்டர் போகும்." கடையில் முதலில் காதில் விழும் பேச்சு இதுதான். அது பொய் என்று சொல்லிவிட முடியாது. சமதளம், எடை குறைந்த ஆள், மோட்டாரை குறைந்த அளவில் வைத்து பெடலையும் மிதித்தால் அந்த தூரம் வரலாம். மலையில் தூரத்தை விட எவ்வளவு உயரம் ஏறுகிறோம் என்பதுதான் பேட்டரியை தின்கிறது.

அதனால் கடைக்காரரிடம், "அண்ணே, இந்த பேட்டரி எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் ஹவர்?" என்று கேட்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் வருவது வாட் ஹவர். 36 வோல்ட், 7.65 ஆம்பியர் ஹவர் என்றால் சுமார் 275 வாட் ஹவர். பேட்டரிக்குள் இருக்கும் சரக்கு அவ்வளவுதான்.

75 கிலோ ஆள், 25 கிலோ சைக்கிள், மொத்தம் 100 கிலோ. இதை 100 மீட்டர் உயரம் தூக்க 27 வாட் ஹவர் வேண்டும். மோட்டார் சூடாகி வீணாவதையும் ரோட்டில் டயர் இழுப்பதையும் சேர்த்தால் சுமார் 40 என்று வைத்துக்கொள்ளலாம்.

மேட்டுப்பாளையம் ரெயில் நிலையம் கடல் மட்டத்தில் இருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குன்னூர் நிலையம் 1,712 மீட்டர். வித்தியாசம் 1,386 மீட்டர். காலை சும்மா வைத்துக்கொண்டு மோட்டாரிலேயே ஏற வேண்டும் என்றால் 550 வாட் ஹவர் தேவை. 275 வாட் ஹவர் சைக்கிள் பாதி மலையிலேயே படுத்துவிடும். பாதி பாரத்தை கால் இழுத்தால்தான் குன்னூரை பார்க்கலாம்.

குன்னூரில் இருந்து ஊட்டி ரெயில் நிலையம் (2,203 மீட்டர்) வரை ஏறுவது 491 மீட்டர். இதற்கு 200 வாட் ஹவர் போதும். ஆனால் ரோடு ஒரே ஏற்றமாக போகாது. இறங்கி இறங்கி மறுபடி ஏறும். அந்த ஏற்றத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். தினமும் போகும் வழியில் ஏற்றம் மொத்தம் எத்தனை மீட்டர் என்பதை செல்போனில் உள்ள மேப் ஆப் சிலவற்றில் பார்த்துக்கொள்ளலாம்.

மோட்டார் எங்கே இருக்கிறது?

விலை குறைந்த சைக்கிள்களில் பின் சக்கரத்தின் நடுவில் மோட்டார் இருக்கும். ஹப் மோட்டார் என்பார்கள். ஹீரோ லெக்ட்ரோ, இமோட்டோராட் போன்ற கம்பெனிகளின் சைக்கிள்களில் பரவலாக இருப்பது இந்த வகைதான். ரிப்பேர் சுலபம், விலையும் குறைவு. ஆனால் இந்த மோட்டாருக்கு சைக்கிள் கியர் உதவாது. செங்குத்தான மேட்டில் வேகம் குறைய குறைய மோட்டார் திணறி சூடாகும். நீண்ட ஏற்றத்தில் நடுநடுவே நிறுத்தி ஆறவிட வேண்டியிருக்கும்.

இன்னொரு வகை பெடல் இருக்கும் இடத்திலேயே மோட்டார். மிட் டிரைவ் என்று பெயர். போஷ், ஷிமானோ, யமஹா செய்வது இது. சங்கிலி வழியாகவே இழுப்பதால் சின்ன கியர் போட்டால் மோட்டாருக்கும் பாரம் குறையும். மலைக்கு இதுதான் சரி. சங்கிலியும் பல் சக்கரமும் சீக்கிரம் தேயும் என்பது ஒரு குறை. பெரிய குறை விலை. லட்சத்தைத் தாண்டி எங்கோ போய்விடும். கூலி வேலை பார்ப்பவருக்கு அது கட்டுப்படியாகாது.

ஆக, பலருக்கும் ஹப் மோட்டார்தான் கதி. அதில் கியரை பார்த்து வாங்கலாம். பின் சக்கரத்தில் பெரிய பல் சக்கரம் 28 பல்லா, 34 பல்லா என்று எண்ணிப் பாருங்கள். பல் கூடினால் கால் வலி குறையும். கியரே இல்லாத எலக்ட்ரிக் சைக்கிளை மலைக்கு யார் எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் தொடவே வேண்டாம்.

4 அங்குல தடி டயர் பார்க்க ஜோர். ஆனால் தார் ரோட்டில் அது பேட்டரியை குடிக்கும். மணலும் சேறும் இல்லாத வழிக்கு 2 அங்குலத்துக்கு சற்று கூடுதலாக உள்ள டயரே தாராளம்.

லாக்கை எடுத்தால் வம்பு

250 வாட்டுக்குள் மோட்டார், 25 கி.மீ. வேகத்துக்குள் மோட்டார் உதவி, சோதனை அமைப்பின் சான்று. இவை இருந்தால்தான் அது சைக்கிள். பதிவு, லைசென்ஸ், இன்சூரன்ஸ் தேவையில்லை. "லாக்கை எடுத்து விடறேன், 40-ல பறக்கும்" என்று யாராவது ஆசை காட்டினாலோ, 500 வாட், 1,000 வாட் மோட்டார் கிட்டை மாட்டினாலோ சட்டப்படி அது மோட்டார் வாகனம் ஆகிவிடும். போலீசார் பிடித்தால் அபராதம் கட்டித் தொலைக்கலாம். யார் மீதாவது மோதிவிட்டால்? இன்சூரன்ஸ் கிடையாது. நஷ்டஈடு முழுக்க ஓட்டியவர் தலையில் விழும்.

மலையில் ஏறுவதை விட இறங்குவதுதான் ஆபத்து. 100 கிலோ பாரம் கொண்டை ஊசி வளைவில் இறங்கும்போது ரப்பர் கட்டை பிரேக் தாங்காது. இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக் கட்டாயம் வேண்டும். ஆயில் டிஸ்க் கிடைத்தால் இன்னும் நல்லது. பிரேக் லீவரை தொட்டதும் மோட்டார் கட் ஆகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். ஹெல்மெட் போடச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றாலும் போட்டுக்கொள்வதே நல்லது.

கோவைக்கு போய் வாங்குபவர்கள் அங்குள்ள சமமான ரோட்டில் ஓட்டிப் பார்த்து "சூப்பரா போகுது" என்று பணத்தை கட்டிவிடுகிறார்கள். அதில் ஒன்றும் தெரியாது. பக்கத்தில் பேஸ்மெண்ட் பார்க்கிங் சரிவு இருந்தால் அதில் பாதியில் நிறுத்தி, மறுபடி ஏற்றிப் பார்க்க வேண்டும்.

டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி கொட்டும். குளிரில் பேட்டரி தூரம் குறையும். வெளியில் விறைத்துக் கிடந்த பேட்டரியை உடனே சார்ஜ் போட்டால் கெட்டுவிடும். கழற்றி வீட்டுக்குள் வைக்கும் வகை பேட்டரியே இங்கே சரிவரும். அதற்காக கட்டிலுக்கு அடியில் சார்ஜ் போட்டுவிட்டு தூங்கவும் கூடாது. கரண்டு செலவு பெரிதில்லை, சிறிய பேட்டரி ஒருமுறை முழுதாக ஏற ஒரு யூனிட் கூட ஆகாது.

மவுண்டன் பைக் என்பதால் காட்டுப்பாதையில் விடலாம் என்று நினைத்தால் அது தப்பு. காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். இந்த வண்டியில் சத்தமே வராது. வளைவில் நிற்கும் யானைக்கும் காட்டெருமைக்கும் ஆள் வருவது தெரியாது, ஆளுக்கும் அது நிற்பது தெரியாது.

விலை சுமார் ரூ.30 ஆயிரத்தில் தொடங்கி, தடி டயர் வகை ரூ.40 ஆயிரம், 50 ஆயிரம் என்று போகிறது. 2024-ல் அறிவித்த மத்திய அரசின் பி.எம். இ-டிரைவ் மானிய திட்டத்தில் சைக்கிள் சேர்க்கப்படவில்லை. சில ஆண்டுகளில் பேட்டரி மாற்ற வேண்டி வரும். அது சைக்கிள் விலையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஆகலாம். அதனால் பேட்டரிக்கு எத்தனை வருட வாரண்டி, புது பேட்டரி தனியாக என்ன விலை, சர்வீஸ் மலை மேலேயே உண்டா என்று கேட்டு, பில்லில் பேட்டரி நம்பரையும் எழுதி வாங்க வேண்டும்.

பழைய சைக்கிள் வாங்குபவர்கள் முழு சார்ஜ் போடச் சொல்லி, ஒரு நல்ல மேட்டில் அரை மணி நேரம் ஏற்றிப் பார்க்கட்டும். மீட்டரில் உள்ள கட்டங்கள் மளமளவென்று இறங்கினால், பேட்டரி காசை விலையில் கழித்துக்கொண்டு பேசலாம்.