குழல்வாய்த் துப்பாக்கி வேட்டைப் பருவம்

குழல்வாய்த் துப்பாக்கி வேட்டைப் பருவம் என்பது, குழலின் வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுச் சுடும் துப்பாக்கிகளைக் கொண்டு மான் முதலிய விலங்குகளை வேட்டையாடுவதற்கென ஐக்கிய அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஒதுக்கும் தனிக் காலப்பகுதி ஆகும். தமிழ்நாட்டில் நாட்டுத் துப்பாக்கி எனப்படுபவற்றுள் பெரும்பாலானவை இவ்வாறு இயங்குபவையே. 1985க்குப் பின்னர் பரவிய நவீன குழல்வாய்த் துப்பாக்கிகளை இப்பருவத்தில் அனுமதிக்கலாமா என்பது நீண்டகாலச் சர்ச்சையாக இருந்து வருகிறது.

துப்பாக்கியின் இயக்கம்

மரபான குழல்வாய்த் துப்பாக்கியில் முதலில் அளந்த கருமருந்து குழலுக்குள் கொட்டப்படும். பின்னர் துணியில் பொதிந்த ஈயக்குண்டு வைக்கப்பட்டு, நீண்ட கோலால் இடித்து இறுக்கப்படும். கருமருந்து என்பது வெடியுப்பு, கரி, கந்தகம் ஆகியவற்றின் கலவை ஆகும். பழைய சக்கிமுக்கி வகையில் கல் எஃகில் உரசி எழும் பொறி, வெளியே உள்ள சிறு கிண்ணத்து மருந்தைப் பற்றவைக்கும். 19ஆம் நூற்றாண்டில் பரவிய கேப்பு வகையில், அடிபட்டால் வெடிக்கும் சிறிய உலோக மூடி இப்பணியைச் செய்யும்.

இவ்விரு வகைகளிலும் ஒரு முறை சுட்டபின் மீண்டும் மருந்திட நேரமாகும். மழையிலும் பனியிலும் மருந்து நனைந்து பற்றாமற்போவது உண்டு. உருண்டைக் குண்டு விரைவில் வேகம் இழப்பதால், மானை வீழ்த்தத்தக்க தொலைவு பொதுவாக 90 மீட்டர் அளவே எனக் கருதப்படுகிறது.

தனிப் பருவத்தின் நோக்கம்

மாநில வனவிலங்குத் துறைகள் ஒரு பகுதியில் எத்தனை விலங்குகள் கொல்லப்படலாம் என்பதை மதிப்பிட்டு, அதற்கேற்ப வேட்டை நாட்களையும் அனுமதிச்சீட்டுகளையும் முடிவு செய்கின்றன. கருவியின் திறன் குறைவாயின் வெற்றி வீதமும் குறையும். ஆகவே அதே எண்ணிக்கையிலான விலங்குகளுக்குக் கூடுதலானோரை அனுமதிக்க இயலும். எடுத்துக்காட்டாக, 100 விலங்குகள் மட்டுமே கொல்லப்படலாம் எனக் கொள்வோம். ஐவரில் ஒருவர் வெற்றி பெறும் கருவியாயின் 500 பேருக்கு அனுமதி தரலாம். ஐவரில் இருவர் வெற்றி பெற்றால் 250 பேருக்கே தர இயலும்.

இக்காரணத்தால் குழல்வாய்த் துப்பாக்கியினருக்குச் சில மாநிலங்களில் சிறந்த நாட்கள் கிடைக்கின்றன. கொலராடோவில் இப்பருவம் எல்க் மான்களின் இனச்சேர்க்கைக் காலமான செப்டம்பரில் அமைகிறது. அப்போது ஆண் எல்க்குகள் குரலெழுப்பி நடமாடுவதால் அவற்றை நெருங்குதல் எளிது. கருவியின் குறைபாடே இச்சலுகையின் அடிப்படை ஆகும்.

நவீன வகை

1985இல் மிசூரி மாநிலத்தைச் சேர்ந்த டோனி நைட் உருவாக்கிய எம்.கே-85 துப்பாக்கி இத்துறையில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியது. இதில் தீமூட்டி குழலின் நேர் பின்னால் அமைந்துள்ளது. அதனால் தீ நேராக மருந்தை அடைகிறது. இவ்வகை 'இன்லைன்' என வழங்கப்படுகிறது. பின்னர் வந்த துப்பாக்கிகளில் ஈரம் புகாத மூடிய தீமூட்டும் அமைப்பு, சிறுவில்லைகளாக அழுத்திய மாற்று மருந்து, நெகிழி உறையில் பொதிந்த கூர்முனைக் குண்டு, தொலைநோக்கிக் குறிகாட்டி ஆகியன சேர்ந்தன. இவற்றால் 180 மீட்டருக்கு அப்பாலும் குறிதவறாது சுட முடிகிறது. எனினும் குண்டு குழல்வாய் வழியாகவே இடப்படுவதால், பெயரளவில் இவையும் குழல்வாய்த் துப்பாக்கிகளே.

2020இல் அறிமுகமான 'ஃபயர்ஸ்டிக்' முறையில், மருந்து அடைத்த நெகிழிக் குப்பி துப்பாக்கியின் பின்புறத்தில் செருகப்படுகிறது. குண்டு மட்டுமே வாய்வழியாக இடப்படுகிறது. இதனைச் சில மாநிலங்கள் ஏற்றுள்ளன, சில ஏற்கவில்லை.

மாநிலங்களின் விதிகள்

* பென்சில்வேனியா: சக்கிமுக்கித் துப்பாக்கிப் பருவம் 1974இல் தொடங்கியது. கிறித்துமசுக்குப் பின் வரும் இப்பருவத்தில், துப்பாக்கிகளுள் சக்கிமுக்கி வகை மட்டுமே அனுமதிக்கப்படுகிறது. இன்லைன் வகைக்கு அக்டோபரில் வேறொரு பருவம் உண்டு.
* ஐடகோ: தீமூட்டும் அமைப்பு வெளியே தெரிய வேண்டும். தூள் மருந்து மட்டுமே பயன்படுத்தலாம். நெகிழி உறைக்கும் தொலைநோக்கிக்கும் தடை உண்டு.
* கொலராடோ: இன்லைன் வகை ஏற்கப்படுகிறது. ஆயினும் தொலைநோக்கி, நெகிழி உறை, மருந்து வில்லை ஆகியவற்றுக்குத் தடை உண்டு.
* யூட்டா: உருப்பெருக்கும் தொலைநோக்கி 2016இல் அனுமதிக்கப்பட்டு, 2024இல் மீண்டும் தடை செய்யப்பட்டது.

ஆதரவும் எதிர்ப்பும்

நவீன வகையை ஆதரிப்போர், நம்பகமாகத் தீப்பற்றுவதும் துல்லியமாகக் குறிபார்ப்பதும் விலங்கு காயத்துடன் தப்பியோடி வதைபடுவதைக் குறைக்கும் என்கின்றனர். பார்வை மங்கிய முதியோருக்குத் தொலைநோக்கி உதவும் என்பதும், எளிய கருவி புதியவர்களை ஈர்க்கும் என்பதும் அவர்களது பிற வாதங்கள். அனுமதிக் கட்டணம் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் பயன்படுவதால், வேட்டையாடுவோர் தொகை குறைவது துறைகளுக்கு இழப்பாகும்.

எதிர்ப்போர், கருவியின் திறன் உயர்ந்தால் சிறப்புப் பருவத்துக்கான காரணமே இல்லாமற்போகும் என்கின்றனர். துல்லியமான கருவி வேட்டையாடுவோரை மேலும் தொலைவிலிருந்து சுடத் தூண்டுமாதலால், காயப்படுத்தல் குறையும் என்ற வாதத்தையும் அவர்கள் ஏற்பதில்லை. வெற்றி வீதம் உயர்ந்தால் அனுமதிச்சீட்டுகள் குறைக்கப்படும். அதனால் மரபான துப்பாக்கியைப் பயன்படுத்துவோரும் வாய்ப்பை இழப்பர்.

இருவகைப் பருவங்கள்

மாநில விதிகள் வேறுபடுவதற்கு அவற்றின் தேவைகள் வேறுபடுவதே முதன்மைக் காரணம் ஆகும். கிழக்கு, நடுமேற்கு மாநிலங்கள் பலவற்றில் வெண்வால் மான்கள் பெருகிப் பயிர்ச்சேதமும் சாலை விபத்தும் விளைகின்றன. அங்கு கூடுதல் மான்கள் வேட்டையாடப்படுவதைத் துறைகளே விரும்புவதால், திறன்மிக்க கருவி இடையூறாவதில்லை. மேற்கு மாநிலங்களில் எல்க், கோவேறு மான் ஆகியவற்றுக்கான அனுமதிச்சீட்டுகள் பல இடங்களில் குலுக்கல் முறையில் வழங்கப்படுகின்றன. பலர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கின்றனர். அங்கு கருவியின் திறன் உயரும்போது இக்காத்திருப்பும் நீளக்கூடும்.

எனவே நவீன வகையின் தகுதி, துப்பாக்கியின் பெயரைக் காட்டிலும் பருவத்தின் நோக்கத்தையே சார்ந்தது. வேட்டையின் அளவைப் பெருக்குவது நோக்கமாயின் அதற்கு இடமுண்டு. அளவைக் கட்டுப்படுத்தி வாய்ப்பைப் பலருக்கும் பகிர்வது நோக்கமாயின், தொலைநோக்கி, குண்டு, தீமூட்டும் முறை ஆகியவற்றுக்கு வரம்பிடுவது இன்றியமையாததாகிறது.