பத்துப் பேர் யோசனை, ஒருவர் பொறுப்பு

திருப்புல்லாணிக்குப் போயிருக்கிறீர்களா? ராமநாதபுரத்துக்குத் தெற்கே, சேதுக்கரை போகும் வழியில் இருக்கிறது. ஆதி ஜகந்நாதப் பெருமாளைச் சேவித்துவிட்டு, தர்ப்பைப் புல்லில் சயனித்திருக்கும் ராமர் சந்நிதிக்கு வந்தேன். விபீஷணன் சரணடைந்தது இந்தக் கரையில்தான் என்பது ஐதீகம். அதைக் கேட்டதும் எனக்குப் பத்திரிகைக் காரியாலயம் ஞாபகம் வந்துவிட்டது. சிரிக்காதீர்கள்!

விபீஷணன் வந்து நின்றபோது ராமர் சட்டென்று முடிவு சொல்லவில்லை. கூட இருந்தவர்களின் அபிப்பிராயத்தைக் கேட்டார். சுக்ரீவன், "கூடவே கூடாது" என்றான். அங்கதன் சோதித்துப் பார்க்கச் சொன்னான். ஜாம்பவான் சந்தேகப்பட்டார். அனுமன் மட்டும், "ஏற்கலாம்" என்றான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, கடைசியில் ராமரே தீர்மானித்தார். அதன் பலாபலனும் அவருடையதே.

ஆசிரியர் குழு கூடும்போதும் இதே கதைதான். உதவி ஆசிரியர் ஒரு கட்டுரைக்காக வாதாடுவார். படம் போடுகிறவர் இன்னும் அரைப் பக்கம் கேட்பார். விளம்பரம் பார்க்கிறவரோ, அந்த அரைப் பக்கத்தையும் தமக்கே தரச் சொல்வார். புதிதாக வந்த நிருபருக்கும் பேச இடமுண்டு. பேசவிடாத ஆசிரியருக்குத் தப்பைச் சுட்டிக்காட்டவும் ஆள் இராது. ஆனால் அச்சுக்குப் போகும் நேரம் வந்துவிட்டால் முடிவு ஆசிரியருடையது. விவாதம் முடியவில்லை என்பதற்காக இதழ் காத்திருக்குமா?

முடிவு மட்டுமா அவருடையது? 1987-ல் ஆனந்த விகடன் அட்டையில், எம்.எல்.ஏ.க்களையும் மந்திரிகளையும் கேலி செய்து ஒரு ஹாஸ்யத் துணுக்கு வெளியாயிற்று. எழுதியவர் வேறொருவர். சட்டசபை கோபித்துக்கொண்டது. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் துணுக்கு எழுதியவரைக் கை காட்டவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மூன்று மாதக் கடுங்காவல் என்று தீர்ப்பாயிற்று, சிறைக்கும் போனார். நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பவே, சில நாட்களில் விடுதலையானார். பிற்பாடு சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தண்டனை தவறென்று கூறி, அவருக்கு 1,000 ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று.

தொகை சிறிதுதான். ஆனால் அன்று அந்தக் காரியாலயத்தில் வேலை பார்த்தவர்களுக்கு, "நம் எழுத்துக்கு நம் ஆசிரியர் நிற்பார்" என்ற தைரியம் கிடைத்திருக்குமே, அதற்கு விலை உண்டா?

அடுத்த வாரம் இதழைப் பிரிக்கும்போது, தொடர்கதைக்குத் தாவுமுன் ஆசிரியர் பெயர் எங்கே இருக்கிறதென்று ஒரு தரம் பாருங்கள். சின்ன எழுத்தில்தான் இருக்கும். சுமை மட்டும் பெரிது!