ஒற்றை அடுப்பில் ஐந்து மாதம்

“கிடாவுக்கு விட்ட ஆடு 21-ஆம் நாள் பருவத்துக்கு வரவில்லை. சினை என்று இருந்துவிட்டோம். 35-ஆம் நாள் கத்திக்கொண்டு வாலை ஆட்டுகிறது. ரத்தமும் இல்லை, சவ்வும் விழவில்லை. சினை பிடித்ததா, இல்லையா?” வெள்ளாடு வளர்க்கும் வாசகர் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்.

பிடித்திருக்கிறது, பிறகு கலைந்திருக்கிறது என்பதே பெரும்பாலும் சரியான பதில். அந்த வயதில் இறந்த கருவைக் கருப்பையே உறிஞ்சிக்கொள்வதால் வெளியே எதுவும் தெரியாது. ஆனால், ஆடு பருவத்துக்குத் திரும்பிய தேதி நிறையச் சொல்லும். அதைப் படிக்க, வெள்ளாட்டின் உடலில் நடக்கும் ஓர் அழகான ஏற்பாட்டைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முட்டை வெளியேறிய இடத்தில், சூலகத்தில் கார்பஸ் லூட்டியம் என்ற திசு வளர்கிறது. அதுதான் அடுப்பு, அது சுரக்கும் புரோஜெஸ்டிரோன்தான் அனல். அந்த அனல் இருக்கும்வரைதான் கருப்பையில் கரு தங்கும். செம்மறியாட்டில் ஏறக்குறைய 50, 60 நாளில் நஞ்சுக்கொடியே இரண்டாவது அடுப்பாக எரியத் தொடங்கிவிடும். முதல் அடுப்பு அணைந்தாலும் சோறு வெந்துவிடும். வெள்ளாட்டுக்கு அந்த வசதி இல்லை. சுமார் 150 நாளும் அதே அடுப்புதான்.

விருந்தாளி வராவிட்டால் விறகு வீண் என்பது கருப்பையின் கணக்கு. பதினாறு, பதினேழு நாள் வாக்கில் அது புரோஸ்டாகிளான்டின் என்ற தண்ணீரை ஊற்றி அடுப்பை அணைக்கப் பார்க்கும். அந்தத் தண்ணீர் ஊரைச் சுற்றிப் போவதில்லை. கருப்பையின் சிரையிலிருந்து, அதை ஒட்டிப் பின்னியிருக்கும் சூலகத் தமனிக்குக் கசிந்து, கொல்லைப்புற வழியாகவே அடுப்படிக்குப் போய்விடுகிறது. நூல்போல் நீண்டிருக்கும் கரு அப்போது என்ன செய்கிறது? அடுப்பிடம் கெஞ்சுவதில்லை, தண்ணீரைத் தடுப்பதுமில்லை. ‘ஊற்று’ என்று கருப்பைக்கு உத்தரவு கொண்டுவருவது ஆக்ஸிடோசின். அதைக் கேட்கும் காதுகள் கருப்பைச் சுவரில் முளைக்காதபடி, கரு ‘இன்டர்ஃபெரான் டௌ’ என்ற புரதத்தைச் சுரக்கிறது. உத்தரவு வந்தாலும் கேட்க ஆளில்லை, அடுப்பு எரிகிறது. வைரஸை எதிர்க்க உடல் தயாரிக்கும் இன்டர்ஃபெரான் குடும்பத்துப் புரதத்தையே, அசைபோடும் விலங்குகள் ‘நான் வந்துவிட்டேன்’ என்று தாய்க்குச் சொல்லப் பயன்படுத்துகின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இதில் வியப்பு தீரவில்லை.

வரலாறு சுருக்கமாக: கார்பஸ் லூட்டியத்தை அகற்றினால் முயலின் சினை கலைகிறது என்று ஜெர்மனியின் லுட்விக் ஃப்ராங்கல் 1903-இல் காட்டினார். செம்மறிக் கருவின் தூதுப் புரதம் இன்டர்ஃபெரான் வகை என்பது 1987-இல்தான் தெரிந்தது.

இப்போது தேதிக்கு வருவோம். 21-ஆம் நாளை ஒட்டித் திரும்பினால், சினை பிடிக்கவே இல்லை, அல்லது தூது அனுப்பும் முன்பே கரு இறந்துவிட்டது. இரண்டையும் வெளியிலிருந்து பிரித்தறிய முடியாது. 30, 35 நாளில் திரும்பினால் தூது போய்ச் சேர்ந்திருக்கிறது, கரு அதன் பிறகே போயிருக்கிறது. 42 என்றால் அவசரப்படக் கூடாது. நடுவில் ஒரு பருவத்தை நாம் கவனிக்காமல் விட்டிருக்கலாம். ஒரே ஆடு ஒருமுறை இப்படித் திரும்பினால் அடுத்த பருவத்தில் கிடாவுக்கு விடலாம். பல ஆடுகள் திரும்பினால் கிடாவையும் தீவனத்தையும் மருத்துவரிடம் சொல்லிப் பார்க்க வேண்டும். சினையான முதல் மாதத்தில் அல்பெண்டசோல் குடற்புழு மருந்து கூடாது.

‘ஒரே ஊசியில் சினை நிற்கும்’ என்ற விளம்பரங்களை நம்பாதீர்கள். குரோமோசோம் கோளாறோடு உருவான கருவை எந்த டானிக்கும் காப்பாற்றாது. புரோஜெஸ்டிரோனை அளக்கும் சோதனையும் அடுப்பு எரிகிறதா என்று மட்டும்தான் சொல்லும், இலையில் ஆள் இருக்கிறதா என்று சொல்லாது. 35 நாளுக்கு மேல் ஸ்கேனில் தெரியும் இதயத் துடிப்பே சாட்சி.

கண்ணுக்குத் தெரியும்படி குட்டி வீசினால் கதை வேறு. 1905-இல் மால்டா தீவில் தெமிஸ்டாக்ளிஸ் சாமிட், அங்கே மனிதர்களை வாட்டிய காய்ச்சலின் கிருமி ஆடுகளில் குடியிருப்பதைக் கண்டுபிடித்தார். அதுதான் புருசெல்லா. வீசிய குட்டியிலும் அது இருக்கலாம். எனவே வெறுங்கையால் எதையும் தொடாதீர்கள். கர்ப்பிணிப் பெண்கள் அருகே போகவே வேண்டாம். நாய் இழுக்காதபடி சிசுவையும் நஞ்சுக்கொடியையும் எடுத்து, ஆய்வுக்கு வேண்டுமா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டு, மிச்சத்தைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதையுங்கள். அந்த ஆட்டைத் தனியே கட்டுங்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. விருந்தாளி போன பிறகும், சில சமயம் விருந்தாளி வராமலேயே, அடுப்பு அணையாமல் எரியும். கருப்பையில் நீர் கோத்து வயிறு பெருக்கும். ஆடு பருவத்துக்கு வராது, குட்டியும் இருக்காது. மாதங்கள் கழித்து ஒருநாள் நீர் மொத்தமும் கொட்டும். புரோஸ்டாகிளான்டின் ஊசி போட்டால் இது முன்கூட்டியே வடியும். ஆனால், ஸ்கேன் பார்க்காமல் அந்த ஊசி போட அனுமதிக்காதீர்கள். உள்ளே உயிருள்ள குட்டி இருந்தால், எத்தனையாவது மாதமானாலும் அதுவும் கலைந்துவிடும்.